சிறிய இன்பங்கள்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

தமிழில் இன்பத்தை இரண்டாகப் பகுத்தார்கள். பேரின்பம் ஒன்று, சிற்றின்பம் மற்றொன்று. பேரின்பம் என்ற சொல் வீடுபேற்றுக்குப் போயிற்று. சிற்றின்பம் என்ற சொல்லோ உடலின்பத்துக்கு ஒதுக்கப்பட்டு, மேடையில் உச்சரிக்கவே கூசும் சொல்லாகிவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையே பெரியதொரு நிலப்பரப்பு பெயரில்லாமல் கிடக்கிறது. வெயிலில் நடந்து வந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர், பேருந்தில் எதிர்பாராமல் கிடைத்த ஜன்னலோர இருக்கை, தேர்வு முடிந்த மாலையில் நண்பர்களோடு பங்கிட்டுக் குடித்த தேநீர் ஆகியவற்றை எந்தப் பெயரால் அழைப்பது? வேறு சொல் கிடைக்காமையால் ‘சிறிய இன்பங்கள்’ என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

சிறிய இன்பங்களைப் போற்றுங்கள் என்று அறிவுரை சொல்வோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் வயிறு நிறைந்தவர்கள். ஆகவே நெசவாளர் தெருவிலிருந்து வரும் என்னைப் போன்றோர்க்கு அதைக் கேட்டவுடன் ஓர் ஐயம் எழுகிறது. ‘இருப்பதைக் கொண்டு மகிழ்ந்திரு’ என்பது ‘இல்லாததைக் கேட்காதே’ என்பதன் மறுவடிவமோ? இந்த ஐயத்தைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். சிறிய இன்பம் எப்படி இயங்குகிறது, அதற்கு உண்மையில் என்ன மதிப்பு என்பதை முதலில் பார்ப்போம்.

காஞ்சிபுரத்தாரிடம் ‘உங்கள் ஊர் கண்ட பெருமகிழ்ச்சி எது?’ என்று கேட்டால் பலரும் 2019ஆம் ஆண்டைச் சொல்வார்கள். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுக் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையே வெளியே எழுந்தருளுகிறார். 1979க்குப் பிறகு 2019 சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் காட்சி தந்தார். முதல் 31 நாட்கள் கிடந்த கோலம், பின் 17 நாட்கள் நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் வந்து போனதாகக் கணக்கிட்டார்கள். எங்கள் தெருத் திண்ணைகளில் எல்லாம் முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் உறங்கினார்கள். அடுத்த தரிசனம் 2059இல். அப்போது எனக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும்.

நாற்பது ஆண்டு என்பது ஏறத்தாழ 14,600 நாட்கள். அவற்றுள் 48ஐக் கழித்துவிட்டால் மீதி நாட்களில் காஞ்சிபுரத்தான் எதைக் கொண்டு வாழ்கிறான்?

அதே கோயிலே இதற்கும் விடை வைத்திருக்கிறது. மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் சேர்த்து, இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்து எடுக்கும் குடலை இட்லி அது. பார்க்க அழகாக இராது. வெள்ளை வெளேரென்று பூப்போல் இருக்கும் உணவு விடுதி இட்லிக்குப் பழகியவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு துண்டை வாயிலிட்டுச் சுக்கின் காரம் தொண்டையில் இறங்கும் அந்த நொடி இருக்கிறதே, அதற்கு நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

கோயிலை விட்டுத் தெருவுக்கு வருவோம். பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையில் நடந்து பார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். வெயில் ஏறுமுன் தெருவில் பாவு விரிப்பார்கள். வாடாமல்லி, கிளிப்பச்சை, அரக்கு என்று பட்டிழைகள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இருபுறமும் நின்று இழைகளைப் பிரித்து, அறுந்ததைப் பிணைத்து, சீர்செய்துகொண்டே போக வேண்டும். இது ஓர் ஆளால் ஆகும் வேலையன்று. இன்று எங்கள் பாவுக்கு எதிர்வீட்டார் வந்தால் நாளை அவர்கள் பாவுக்கு நாங்கள் போவோம். மிதிவண்டியில் வருபவர் தாமாக இறங்கித் தள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போவார். அந்த ஒருமணி நேரத்தில் நடக்கும் பேச்சுக்கு இணையான பேச்சை நான் வேறெங்கும் கேட்டதில்லை. யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது, எந்தக் கடையில் பாலில் தண்ணீர் கூடிவிட்டது, எவர் மகன் ஒரகடம் தொழிற்சாலையில் இரவு முறைக்குப் போகிறான் என்று எல்லாச் செய்தியும் இழைகளோடு சேர்ந்து அங்கே சிக்கெடுக்கப்படும்.

வீட்டுக்குள் குழித்தறி. கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவரே செய்வது கடினம். அப்பா குழியில் கால் வைத்து மிதியை மிதிக்க, அம்மா மறுகரைக்கு நாடா தள்ளுவார். மற்ற நேரத்தில் ராட்டையில் தார் சுற்றுவார். முந்தி தொடங்கும் இடம் வந்துவிட்டால் தறி நின்றுவிடும். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய நிறத்தின் ஓர் இழையைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! முதுகு ஒடிந்துவிடும். அது முடிந்து மறுபடி நாடா ஓடி, புது நிறம் விரல் அகலத்துக்கு எழும்பும்போது அப்பா கையை நிறுத்துவார். “இங்க வந்து பாரு” என்பார். அம்மா வந்து பார்ப்பார். இருவரும் வேறொன்றும் பேசமாட்டார்கள். நாடா மறுபடி ஓடத் தொடங்கும். அந்தச் சேலை எந்த ஊர் மணப்பெண்ணுக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த முதல் விரற்கடை நிறம் அவர்களுடையது.

காஞ்சியைப் பாடிய பழைய நூல் ஒன்றும் இவ்வகையில் எனக்குப் பிடித்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை வழிப்படுத்துகிறது. பரிசு தரப்போகிறவன் மன்னன். ஆயினும் புலவர் உடனே அரண்மனைக்கு ஓடிவிடவில்லை. ஆயர் குடியில் பாலோடு தினைச்சோறு கிடைக்கும், உழவர் வீட்டில் கோழிக்கறியோடு சோறு கிடைக்கும், அந்தணர் வீட்டில் மாவடு ஊறுகாய் கிடைக்கும் என்று வழியில் கிடைக்கும் உணவையெல்லாம் நாவூற எடுத்துச் சொல்கிறார். பரிசில் கடைசியில்தான் வருகிறது. வழியில் உண்ட சோறுதான் மனத்தில் நிற்கிறது. குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான்.

இனி அறிவியல் என்ன சொல்கிறது என்று காண்போம். செருமனி நாட்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேபர் என்ற உடலியல் அறிஞர் 1834ஆம் ஆண்டில் எடையைப் பற்றி ஓர் உண்மையை வெளியிட்டார். கையில் 100 கிராம் எடை வைத்திருப்பவனிடம் மேலும் சில கிராம் சேர்த்தால் அவன் உணர்ந்துவிடுவான். 5 கிலோ வைத்திருப்பவனிடம் அதே சில கிராமைச் சேர்த்தால் அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் உணர வேண்டுமானால் ஐம்பது மடங்கு சேர்க்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பெக்னர் 1860இல் இதைக் கணித வடிவில் எழுதினார். உணர்ச்சியின் அளவு, தூண்டலின் மடக்கையைப் பொறுத்து உயர்கிறது என்பது அவர் கூற்று. ஒலியை நாம் டெசிபல் என்ற மடக்கை அளவால் அளப்பதை வகுப்பில் படித்திருக்கிறோம். எல்லாப் புலன்களுக்கும் இவ்விதி அச்சாகப் பொருந்துகிறது என்று இன்று எவரும் சொல்வதில்லை. ஆனாலும் அதன் சாரம் நிலைத்திருக்கிறது. இதற்கு முன்பே, 1738இல், டேனியல் பெர்னூலி பணத்துக்கும் இத்தகைய கணக்கைச் சொல்லியிருந்தார். ஒரே பத்து ரூபாய், இல்லாதவன் கையில் பெரிதாகவும் இருப்பவன் கையில் சிறிதாகவும் இருக்கிறது.

அப்படியானால் திடீரென்று பெருஞ்செல்வம் வந்தால் என்ன ஆகும்? தமிழக அரசே 1968 முதல் பரிசுச் சீட்டு நடத்தியதும், 2003இல் பரிசுச் சீட்டுகள் இங்கே தடைசெய்யப்பட்டதும் நாம் அறிந்தவை. அந்நாளில் பரிசு விழுந்தவர்களை யாரேனும் பிற்பாடு போய்ப் பார்த்தார்களோ இல்லையோ, அமெரிக்காவில் பிரிக்மன் என்ற உளவியலாரும் அவருடைய துணைவரும் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. இல்லினாய் மாநிலப் பரிசுச் சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், வெல்லாத அண்டை அயலார் 22 பேரையும் கேட்டார்கள். வென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கவில்லை. அது மட்டுமா? நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது, நகைச்சுவை கேட்பது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் செயல்களில் அவர்கள் பெற்ற இன்பம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பெரிய எடை ஒன்றைக் கையில் வாங்கியபின் சிறிய எடைகள் தெரியாமற்போயின. (பத்திரிகை படிக்கும் இன்பமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கல்லூரி மலரின் ஆசிரியர் குழு கவனிக்க வேண்டும்.) இருபத்திரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை மறந்துவிட்டு இந்த ஆய்வைச் சட்டமாக்கிவிடக் கூடாது. எனினும் 1991இல் எட் டீனர் முதலிய உளவியலார் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒருவன் மகிழ்ச்சியானவனா என்பதை அவன் பெற்ற இன்பம் எவ்வளவு தீவிரமானது என்பதைவிட, எத்தனை முறை நேர்ந்தது என்பதே மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ‘நீ பட்டம் வாங்கின பிறகுதான் எங்களுக்கு நிம்மதி’ என்று அம்மா சொல்வார். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போவதில்லை, திரைப்படம் பார்ப்பதில்லை. எல்லாம் பட்டத்துக்குப் பிறகு. தம் மகிழ்ச்சி முழுவதையும் என் பெயரில் நீண்டகால வைப்பாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெக்னரும் பிரிக்மனும் சொல்வது மெய்யானால், அந்தப் பட்டமளிப்பு நாளின் மகிழ்ச்சி சில மாதங்களில் பழகிப்போகும். அதற்காக இழந்த ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வரா. ஆகவே சென்ற பொங்கல் முதல் மாதம் ஒருமுறையாவது அவர்கள் இருவரையும் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயில். சேலை வாங்க வருவோர் கூட்டம் அங்கே அவ்வளவாக வருவதில்லை. புல்தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறோம். அப்பா அங்குள்ள யாளிகளைப் பார்த்து, எது எந்தச் சேலைக் கரையில் வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

சிறிய இன்பம் கண்ணெதிரே வந்தாலும், மனம் அங்கே இராவிட்டால் பயனில்லை. 2010ஆம் ஆண்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் ஆர்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசி வழியே ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார்கள். ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் செய்யும் வேலையில் மனம் இல்லை. மனம் அலையும்போது மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. தறிக்காரர்களுக்கு இது புதிய செய்தியன்று. மனம் எங்கோ போனால் இழை அறுந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். நமக்கும் ஆய்வுக்கூடத்தில் அவ்வனுபவம் உண்டு. நிறமாலைமானியில் கண்ணை வைத்து, திருகைத் துளித்துளியாகத் திருப்பி, சோடியத்தின் மஞ்சள் கோடு 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் கண்ட அந்தக் கணத்தில் நம்மில் யாரும் தேர்வு மதிப்பெண்ணை நினைத்திருக்க மாட்டோம்.

இப்போது அந்தப் பழைய ஐயத்துக்கு வருவோம். பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1980களில் எழுதிய நூல்களில் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறார். நெடுங்காலம் நசுக்கப்பட்டவர்கள் பிழைத்திருப்பதற்காகவே தம் ஆசையைச் சுருக்கிக்கொண்டு சின்னச் சின்ன இரக்கங்களில் மகிழக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் சிரிப்பதை வைத்து, அவர்களுக்குக் குறையொன்றுமில்லை என்று கணக்கெழுதக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கு இது முற்றிலும் சரியென்றே படுகிறது. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ஊருக்கெல்லாம் பட்டு நெய்யும் ஒருவன், தன் மகளின் திருமணத்துக்கு ஒரே ஒரு பட்டுச்சேலை தருவதாக வாக்களித்துவிட்டு, அதற்காக இழை இழையாகத் திருட நேர்கிறது. அவனிடம் போய் ‘சின்ன இன்பங்களில் மனநிறைவு கொள்’ என்று எவரேனும் சொல்வாரானால் அவரை என்னென்பது!

எனவே சிறிய இன்பம் கூலிக்கு ஈடாகாது. கூலியைக் கேட்காமல் இருப்பதற்கு அது காரணமும் ஆகாது. சொல்லப்போனால் சிறிய இன்பத்துக்கே ஒரு விலை உண்டு. பாவு விரிக்கும் காலைப்பொழுதின் சிரிப்புக்கு முதல்நாள் இரவு உறங்கியிருக்க வேண்டும். தேநீருக்குக் காசு வேண்டும். கைலாசநாதர் கோயிலுக்குப் போக அரைநாள் ஓய்வு வேண்டும். அந்த அரைநாளைத் தறி விடவேண்டும். பட்டு, சரிகை விலை ஏறும் மாதங்களில் நெசவாளர் தெருவில் முதலில் மறைவது இவைதாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்பா திரும்பும்போது அம்மா உளுந்தை ஊறவைத்திருப்பார். கூலி அன்றே முழுதாகக் கைக்கு வந்திருந்தால் மாலையில் வடை. பாதிதான் வந்திருந்தால் அந்த உளுந்து மறுநாள் இட்லி மாவில் போய்ச் சேர்ந்துவிடும்.