நனைந்த பாறையின் நிறம்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அன்றாடம் காணும் காட்சி இது. ஈரம் இருக்கும்வரை களிமண் பொம்மை கருத்திருக்கும், காய்ந்ததும் வெளுத்துவிடும். கிளேஸ் பூசிச் சுட்டால் பளபளக்கும். கடலைப் பார்த்தறியாத அந்த மண்ணும் குமரி மாவட்டத்து முட்டம் பாறைகளும் ஒளிக்குக் கட்டுப்படுவது ஒரே விதிப்படிதான்.

'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் ஒளிப்பதிவாளர் பி. கண்ணன் காட்டிய முட்டத்தைத் தேடி இன்றும் கேமராவோடு போகிறவர்கள் உண்டு. பெரும்பாலோர் காத்திருப்பது சூரியன் மறைவதற்கு. ஆனால் படத்துக்கு உயிர் கொடுப்பது பாறையின் ஈரம்.

காய்ந்த பாறையின் சொரசொரப்பில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் அது வெளிறித் தெரிகிறது. அலை நனைத்ததும் மெல்லிய நீர்ப்படலம் மூடிக்கொள்கிறது. பாறையிலிருந்து திரும்பும் ஒளியில் ஒரு பகுதி அந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் மறுபடி பாறைக்கே போய் உறிஞ்சப்படுகிறது. சுவீடன் விஞ்ஞானி ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1925-ல் தந்த விளக்கம் இது. நனைந்த பாறை இருண்டு, அதன் நிறங்கள் அடர்வது இதனால்தான்.

அதே படலம் வானத்தையும் பிரதிபலிக்கும். படத்தில் வெள்ளைத் திட்டுகள் விழும். நீர்ப்பரப்புக்கு 37 டிகிரி அளவில் சாய்ந்து வரும் பிரதிபலிப்பு ஒரே தளத்தில் அதிரும் ஒளி. லென்ஸில் மாட்டிய போலரைசரைத் திருப்பினால் அது மறைந்துவிடும். முழுக்க மறைத்துவிடக் கூடாது. மினுக்கம் துளியும் இல்லாத பாறை, நனைந்த பாறையாகவே தெரியாது.

பொன்னிற வெளிச்சம் இங்கே வெகுநேரம் நிற்காது. நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே உள்ள முட்டத்தில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குகிறது. கடைசி 6 டிகிரியைக் கடக்க 25 நிமிடம் போதும். ஜூன் மாத லண்டனில் ஏறக்குறைய இருமடங்கு நேரம் பிடிக்கும். தென்மேற்குப் பருவமழையின் மேகமூட்டத்தில் அந்த அவசரம் இல்லை. நிழல் விழாத வெளிச்சத்தில் பாறையின் வெடிப்புகள்வரை துலங்கும். ஷட்டரை 30 நொடி திறந்துவைத்தால் ஆடி மாத அலைகூடப் பனிமூட்டமாகிவிடும். அரை நொடி வைத்தால் நீர் பாய்ந்த தடமும் அதன் வேகமும் பதியும். முட்டத்துக்குப் பொருந்துவது அரை நொடிதான்.

பாறையில் கருத்துத் தெரியும் ஈரக்கோடு, சற்றுமுன் அலை எட்டிய உயரம். அதற்கு மேலே டிரைபாட் வைத்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தெற்கே வெகுதொலைவில் எழும் புயல்களின் அலைவீச்சு, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6-ல் இதே மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இழுத்துச் சென்றது இப்படிப்பட்ட அலைதான். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் வானிலையோடு அதையும் பார்த்துவிட்டுத்தான் பாறையில் இறங்க வேண்டும்.