குரங்கு ரொட்டி தெரியுமா?



புளி தெரியும், கொடுக்காப்புளி தெரியும். ஆனைப்புளி தெரியுமா? பாவோபாப் என்கிற மரத்தின் பழம்தான் அது. அடிமரம் யானை மாதிரி பெருத்து நிற்கும். பொந்தன்புளி, பப்பரப்புளி, பெருக்கமரம் என்றும் பெயர் உண்டு. பேரில்தான் புளி இருக்கிறதே தவிர, நம்ம புளியமரத்துக்கும் இதற்கும் சொந்தம் இல்லை. இது இலவமரத்தின் பங்காளி!

இந்த மரத்தின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. இந்தியாவில் உள்ள மரங்களும் அங்கிருந்து வந்தவைதான் என்று 2015-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு சொல்கிறது. இலங்கையில் மன்னார் பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் இருக்கிறது. அதன் சுற்றளவு சுமார் 19 மீட்டர். நம்ம வகுப்பே கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்க முடியும்! அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று அங்கே சொல்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் மாண்டு என்ற ஊரில் இந்தப் பழத்தைச் சாலையோரத்தில் குவித்து விற்பார்கள்.

நம்ம புதுச்சேரிக்கும் இதற்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1749-ல் செனகல் நாட்டுக்குப் போய் இந்த மரத்தைப் பற்றி விரிவாக எழுதியவர் மிஷேல் அதான்சோன் என்ற பிரெஞ்சுக்காரர். மரத்தின் அறிவியல் பெயரான 'அடன்சோனியா' அவர் நினைவாக வைத்தது. அதே செனகலில் 1820-களில் செடிகொடிகளை ஆராய்ந்த பெரோத்தே என்பவர் பிறகு இங்கே வந்து நம்ம தாவரவியல் பூங்காவை வளர்த்தார். 1870-ல் புதுச்சேரியிலேயே இறந்தார். பிரெஞ்சில் இந்தப் பழத்துக்கு என்ன பெயர் தெரியுமா? குரங்கு ரொட்டி!

பழத்தின் ஓடு கெட்டியாக, வெல்வெட் மாதிரி இருக்கும். நீளமான காம்பில் தொங்கும். உடைத்தால் சாறு வராது! சதை மரத்திலேயே காய்ந்து, வெள்ளைக் கட்டி கட்டியாக விதையோடு ஒட்டியிருக்கும். வாயில் போட்டால் புளிப்பாகக் கரையும். விதையைப் பிரித்துச் சலித்தால் மாவு ரெடி, காயவைக்கிற வேலையே இல்லை.

ஐரோப்பாவில் இதை உணவாக விற்க 2008-ல்தான் அனுமதி கொடுத்தார்கள். அதற்கப்புறம் பாக்கெட் பாக்கெட்டாக விற்பனை. பிரான்சில் இருக்கிற என் அத்தையும் ஆயாவுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாங்க. ஆயாவுக்குப் பத்து வருஷமா சர்க்கரை. "இதைச் சாப்பிட்டா மாத்திரைய நிறுத்திடலாமாடா?" என்று என்னிடம் கேட்டாங்க. அதனால் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதாயிற்று.

பாக்கெட்டில் 'ஆரஞ்சைப் போல 6 மடங்கு வைட்டமின் சி' என்று போட்டிருந்தது. அது பொய் இல்லை. 100 கிராம் மாவில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கலாம் (மரத்துக்கு மரம் மாறும்). ஆரஞ்சில் 40 சொச்சம்தான். ஆனால் ஆரஞ்சில் பெரும்பகுதி தண்ணீர், இது காய்ந்த மாவு. 100 கிராம் மாவை யாருங்க ஒரே வேளையில் சாப்பிடுவாங்க? குவித்து எடுத்த ஒரு பெரிய ஸ்பூன் சுமார் 10 கிராம். அதில் கிடைப்பது 20, 30 மில்லிகிராம்தான். 30 கிராம் எடையுள்ள ஒரு நெல்லிக்காயிலோ 75 மில்லிகிராம் வரை இருக்கிறது! கொய்யாவும் கிட்டத்தட்ட நெல்லிக்காய்க்குச் சமம். பெரிய மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிற நெல்லிக்காய்க்கு முன்னால் இந்தப் பாக்கெட் தோற்றுப்போச்சு. 'பாலை விட இரண்டு மடங்கு கால்சியம்' என்பதும் இதே கதைதான். ஒரு ஸ்பூன் மாவில் சுமார் 30 மில்லிகிராம், ஒரு டம்ளர் பாலில் 200-க்கு மேல்.

அப்போ ஆனைப்புளி சும்மாவா? இல்லை. அதன் உண்மையான பலம் நார்ச்சத்து. மாவில் கிட்டத்தட்ட பாதி நார்ச்சத்துதான். ஒரு ஸ்பூனில் 4, 5 கிராம் கிடைத்துவிடும். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 30 கிராம் என்பதால் இது நல்ல பங்கு. அதில் பெக்டின் என்ற வகை நிறைய உண்டு. ஜாமைக் கெட்டியாக்குவது இதுதான். தண்ணீர் பட்டால் கஞ்சி மாதிரி வழுவழுப்பாகும். வயிற்றில் சோற்றோடு கலந்து, சர்க்கரை ரத்தத்தில் சேருவதை மெதுவாக்கும். மலச்சிக்கலுக்கும் நல்லது. ரொட்டியில் கலந்து செய்த சிறிய சோதனைகளில் மாவுச்சத்து செரிக்கிற வேகம் குறைந்ததாம்.

ஆனால் மெதுவாக்குவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. மாத்திரை செய்கிற வேலையை இந்த மாவு செய்யாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஏறிவிடும். கண், சிறுநீரகம், கால் எல்லாம் பாதிக்கும். ஆயாவிடம் இதைச் சொன்னேன். டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரை அப்படியே தொடருது, மாவு மோரில் ஒரு ஸ்பூன். இன்னொரு விஷயம். இதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

செனகலில் இதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, 'புயி' என்ற பானம் செய்கிறார்கள். ருசிக்காக நிறைய சீனி போடுவாங்க. சர்க்கரை உள்ளவங்களுக்கு அது ஆகாது. கொதிக்க வைத்தால் வைட்டமின் சி வீணாகும், அதனால் ஆறிய தண்ணீரே போதும். முதல் நாளே மூணு ஸ்பூன் போட்டால் வயிறு உப்பும், அரை ஸ்பூனில் ஆரம்பிக்கலாம்.

லீவில் யாராவது மாண்டு பக்கம் டூர் போனால், ஓடு கீறாத பழமாகப் பார்த்து வாங்குங்க. கீறல் இருந்தால் ஈரம் புகுந்து சதை கெட்டுவிடும். சாப்பிட்டு முடித்ததும் ஓட்டையும் விதையையும் தூக்கிப் போடாதீங்க, நம்ம அறிவியல் லேப்புக்குக் கொண்டு வாங்க!

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு