சிந்துவெளியை அறிவோம், சிந்திகளை அறிவோமா?

விருத்தாசலத்துக்காரர்களுக்கு மண்ணின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. களிமண் சூளையில் வெந்து அகல்விளக்காகவும் பொம்மையாகவும் வெளிவரும் பீங்கான் நகரம் இது. அதனால்தானோ என்னவோ, மொகஞ்சதாரோவின் சுடுமண் கலங்கள் எனக்கு அந்நியமாகத் தோன்றியதில்லை. சிந்துவெளி எழுத்தைப் படித்தறிவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன்.

ஆனால், மொகஞ்சதாரோ அமைந்துள்ள சிந்து மாகாணத்தின் மக்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. நம் கடைவீதிகளில் வடக்கிலிருந்து வந்து வணிகம் செய்பவர் எல்லோரும் நமக்குச் 'சேட்டு'தான். அவர்களுள் சிந்தி யார், மார்வாரி யார், குஜராத்தி யார் என்று நாம் கேட்டதில்லை.

1947 பிரிவினையின்போது பஞ்சாபும் வங்கமும் இரண்டாகப் பிளக்கப்பட்டன. சிந்துவோ முழுமையாகப் பாகிஸ்தானுக்குச் சென்றது. ஆகவே, இந்தியாவுக்கு வந்த பஞ்சாபிக்கும் வங்காளிக்கும் தம் மொழி வழங்கும் ஒரு மாநிலம் இங்கே இருந்தது. சிந்திக்கு அது வாய்க்கவில்லை. மும்பைக்கு அருகே, கல்யாணில் இருந்த ராணுவ முகாமில் தங்கவைக்கப்பட்ட அகதிகளின் குடியிருப்பே இன்றைய உல்லாஸ்நகர். சென்னைக்கும் பலர் வந்து சேர்ந்தனர்.

மாநிலம் இல்லாத மொழிக்கு 1967இல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அதனைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டோர் சுமார் 27.7 லட்சம் பேர். எனினும், அரபு வரிவடிவமா தேவநாகரியா என்ற வழக்கு ஓயவில்லை. அரபு வரிவடிவத்தில் தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத நிலை பல வீடுகளில் உண்டு. தாய்மொழிவழிப் பள்ளிகள் அருகிவிட்டதால் வீட்டுப் பேச்சிலும் இந்தியும் ஆங்கிலமும் புகுந்துவிட்டன.

இத்தனைக்கும் நடுவே அவர்கள் காத்துவரும் மரபு ஒன்று உண்டு. ஆற்றோடு தொடர்புடைய தெய்வமான ஜூலேலாலைச் சேட்டி சந்த் எனும் புத்தாண்டு நாளில் கொண்டாடும் அவர்கள், சூஃபி ஞானி ஷா அப்துல் லத்தீஃபின் பாடல்களையும் தமதாகவே போற்றுகின்றனர். பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த், மயிலாப்பூரில் சூஃபிதார் ஆலயத்தை நிறுவினார். அதன் தொண்டர்கள் ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்குப் பல்லாண்டுகளாக உணவு பரிமாறி வந்துள்ளனர். வழிபாட்டின் பெயரால் நாடு பிளவுண்டபோது வீடிழந்தவர்களின் செயல் இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழருக்கும் இதில் பாடம் உண்டு. போரால் ஈழத்தை விட்டுப் பெயர்ந்து டொராண்டோவிலும் லண்டனிலும் வாழ்வோரின் பேரப்பிள்ளைகள் தமிழ் எழுத்தை வார இறுதி வகுப்புகளில்தான் கற்கின்றனர். சிந்திகளுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேரலாம். ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தைப் படிக்க முயலும் நாம், அதே மண்ணிலிருந்து வந்து நம் தெருவில் வாழ்பவரின் மொழிப்பெயரையேனும் கேட்டறிவது முறையாகும்.