7 மணிக்கு நாடகம், அதுக்கு முன்னாடி பீட்சா

கோட்டக்குப்பத்துல தங்கியிருக்கீங்க. இடையன்சாவடி ரோட்டுல, வீணாபாணி சாவ்லா தொடங்கின ஆதிசக்தியில 7 மணிக்கு நாடகம்னு வைங்க. அதுக்கு முன்னாடி இத்தாலியன் சாப்பிடணும். எல்லாரும் பாண்டிச்சேரி ஒயிட் டவுனுக்குத்தான் வண்டியத் திருப்புவாங்க. அது தெற்கே, நாடகமோ வடக்குப் பக்கம். அதே ஈசிஆர் டிராஃபிக்ல திரும்பி வரணும்.

வழியில இருக்கிற கடைதான் சரி. பெரியமுதலியார்சாவடியில இடதுபக்கம் திரும்பினா குயிலாப்பாளையம். அங்க டான்ட்டோ இருக்கு, விறகடுப்பு பீட்சா.

அடுத்தது ஆர்டர். நல்லா சூடேறின விறகடுப்பு 400 டிகிரியைத் தொடும். மெல்லிசான பீட்சா 2, 3 நிமிஷத்துல வெந்துடும். ரிசோட்டோ அப்படியில்ல. அரிசியில கொஞ்சம் கொஞ்சமா சூப்புத் தண்ணி ஊத்திக் கிளறணும், கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். நாடக நாள்ல அதைத் தொடாதீங்க.

பீட்சாவுக்கும் ஒரு சிக்கல் உண்டு. சனிக்கிழமை உங்களுக்கு முன்னாடி பத்து ஆர்டர் நின்னா, 3 நிமிஷம் அரைமணி நேரமாயிடும். க்யூயிங் தியரி வெறும் இன்டர்னல் மார்க்குக்கு இல்ல போல! லேட்டா போய் இருட்டுல தடவிக்கிட்டு நுழைஞ்சா, நடிக்கிறவங்களுக்கும் தொந்தரவு. அதனால சாயங்காலம் எத்தனை மணிக்கு அடுப்பு பத்தவைப்பாங்கன்னு போன்ல கேட்டுட்டே கிளம்புங்க.