சுரங்கத்தின் இரு பக்கமும் மழை

பதுளைக்குப் போகும் ரயில் அம்பேவெலயைத் தாண்டி, பட்டிப்பொலவில் மூச்சு வாங்கி நிற்கும். 6,200 அடிக்கு மேல், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். சற்றுத் தள்ளி 18ஆம் இலக்கச் சுரங்கம். ஜூலை மாதத்தில் இந்தப் பக்கம் தூறலுக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒடுங்கியிருந்தவர்கள், அந்தப் பக்கம் ஒஹியாவில் வெயிலைக் கண்டு ஸ்வெட்டரைக் கழற்றுவதுண்டு.

காரணம் எளிது. தென்மேல் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மலையில் முட்டி மேலேறுகிறது. ஏறும் காற்று விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் சுமந்துவந்த ஈரத்தை இறக்கிவைத்துவிடும். மலையைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கும் அதே காற்று சூடேறி வறண்டுபோகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் தருவது அந்த வறட்சிதான். வடகீழ்ப் பருவத்தில் முறை மாறும். எப்படியானாலும் மலைக்கு ஒரு நனையும் முதுகும் ஒரு காயும் முதுகும் உண்டு.

புயலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அதன் மையம் தீவின் தென்கிழக்கில் இருக்கையில் மலைநாட்டை வடகிழக்குக் காற்று அறையும். மையம் கிழக்குப் பக்கமாக வடக்கே நகர நகர, காற்று வடமேற்கு, மேற்கு என்று திரும்பும். மழை மறைவு என்று ஒரு பக்கம் மிஞ்சுவதில்லை. புயல் நிதானமாக நகர்ந்தால் இன்னும் மோசம்; ஒவ்வொரு சரிவுக்கும் நின்று ஊற்ற அதற்கு நேரம் கிடைக்கிறது.

2025 நவம்பர் 28 அன்று கிழக்குக் கரையில் ஏறிய டித்வா புயலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது யேமன்; அங்கே சொகோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயர் அது. வேகத்தை வைத்துப் பார்த்தால் சாதாரணப் புயல்தான். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியது. டித்வாவின் காற்று 100ஐக்கூட எட்டவில்லை. ஆனாலும் இலங்கையில் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் இழப்பு அதிகம். மலையக ரயில்பாதையும் பல இடங்களில் சிதைந்தது. புயல் என்றால் 1978இல் மட்டக்களப்பில் முறிந்த தென்னைகளை நினைக்கப் பழகிய நாம், காற்றின் வேகத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறோம்.

மலையில் கேட்கவேண்டியது மில்லிமீட்டரை. பிலிப்பைன்ஸின் மலைநகரமான பாகியோவில் 1911 ஜூலையில் ஒரு புயல் 24 மணி நேரத்தில் 1,168 மில்லிமீட்டர் கொட்டியது. நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவைக் கவனிக்கச் சொல்லும். 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்லும். 150 மில்லிமீட்டர் என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 600 டன் தண்ணீர். அதில் ஒரு பகுதி கான் வழியே ஓடிவிடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும்.

மண்துகள்கள் ஒன்றையொன்று உராய்ந்து பிடித்திருப்பதால்தான் சரிவு நிற்கிறது. இடுக்குகளில் நீர் நிறைந்து அழுத்தம் கூடினால் அந்தப் பிடி தளரும். கீழே பாறை, மேலே தண்ணீர் குடித்துக் கனத்த மண். தேயிலை வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், இரண்டாள் ஆழத்தில் நழுவுவதை அதனால் என்ன செய்ய முடியும்? லயங்களோ பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமமாக்கிய துண்டுகளில், வெட்டிய மண்சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மூடிய மண்ணுக்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை, மழையே போதுமாயிருந்தது.

மண் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. நிலத்தில் வெடிப்பு ஓடும். நிமிர்ந்த மரம் சாயும். லயத்துக்குப் பின்னால், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கசியும். தெளிந்த நீரோடை திடீரென்று கலங்கும். எல்லாவற்றையும்விடப் பயப்படவேண்டியது, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடை வற்றுவது. மேலே எங்கோ சரிந்த மண் அதை மறித்திருக்கலாம். தண்ணீர் அதன் பின்னால் ஏறிக்கொண்டிருக்கும்.