கன்று செழித்தால் மண் சுத்தமா?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு பழைய வாகன பற்றரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் கொட்டில் ஒன்று இருந்தது. அது மூடப்பட்ட பிறகு, போன வருடம் அந்த வளவில் வேப்பங்கன்றுகள் நட்டோம். நன்றாகத் தளிர்த்தன. "மண் சரியாகிட்டு, இனிக் கீரை போடலாம்" என்றார் பக்கத்து வீட்டு நானா. அந்த முடிவு பிழை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஈயமும் கட்மியமும் மூலகங்கள். எந்த மரத்தாலும் அவற்றைச் சிதைத்து இல்லாமலாக்க முடியாது. தனக்குப் பாதகமில்லாத இடத்தில் ஒதுக்கி வைக்கத்தான் முடியும். வேரை அடையும் ஈயத்தில் பெரும்பகுதி வேரின் கலச்சுவர்களிலேயே ஒட்டிக்கொள்கிறது. இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். கட்மியம் அப்படியல்ல. தாவரத்துக்குத் தேவையான நாகத்தை ஒத்திருப்பதால், நாகம் நுழையும் வழியாலேயே அதுவும் நுழைந்துவிடுகிறது. கலங்கள் அதைச் சிறு புரதத் துண்டுகளால் கட்டி, புன்வெற்றிடத்துக்குள் பூட்டி வைக்கின்றன. ஐரோப்பாவின் வில்லோ மரங்கள் இப்படி இலைகளில் நிறையவே சேர்க்கும். அந்த இலைகளைக் கூட்டி அகற்றாவிட்டால், உதிர்ந்ததும் உலோகம் மறுபடி மண்ணுக்கே போகும்.

பசுபிக்கின் நியூ கலிடோனியாவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். உலர்ந்த அந்தப் பாலின் எடையில் கால்வாசி வரை நிக்கல்! மரமோ பசுமையாக நிற்கிறது. இலையின் பச்சையை வைத்து மண்ணை எடைபோட முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நச்சு உலோகம் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் தங்கும். கன்றின் வேரும் அங்கேதான் இருக்கும். ஆகவே பாதிப்பு முதலில் வேரில் தெரியும்: நுனி கபில நிறமாகி, குட்டையாகத் தடிக்கும். எங்கள் கன்றுகள் தப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழிகளை நிரப்பியது வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் எருவும்! பற்றரி அமிலம் ஊறிய மண்ணில் உலோகம் இலகுவாகக் கரையும். சுண்ணாம்பும் கூட்டெருவும் அதை ஓரளவு கட்டிப்போடும்.

வேம்பை நாங்கள் பிடுங்கவில்லை. மரமும் புல்லும் மூடிய நிலத்தில் தூசு குறைவு. சின்னப் பிள்ளைகளின் உடம்புக்குள் ஈயம் போகும் முக்கிய வழி, கையில் ஒட்டி வாய்க்குப் போகும் அந்தத் தூசுதான். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆனால் மண்ணைப் பரிசோதிக்கும் வரை அங்கே கீரையோ கிழங்கோ இல்லை. கீரை இப்போது முன்வாசலில், வேறு மண் நிரப்பிய பைகளில். நானாவின் ஆட்டுக்கு அந்த வேப்பங்குழை ஒடித்துக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம்.