தடுப்பூசியும் சிவந்த கண்களும்

தடுப்பூசி பற்றிய விவாதங்களில் இரு குரல்களே பெரிதும் கேட்கின்றன. ஊசி ஏற்றியபின் நிகழ்ந்த யாவும் ஊசியால் நிகழ்ந்தன என்பது ஒன்று. யாவும் தற்செயல் என்பது மற்றையது. முரண்பட்டவையாகத் தோன்றும் இவ்விரண்டிற்கும் பொதுவான குறைபாடொன்றுண்டு. மருந்து எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டது என்ற வினாவை இரண்டும் எழுப்புவதில்லை.

2000ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திற் கனடாவில் நிகழ்ந்தது இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. இன்புளுவென்சாத் தடுப்பூசி பெற்றோருட் சிலருக்கு ஒருநாட் பொழுதுக்குள் இரு கண்களும் சிவந்தன. இருமல், தொண்டைநோவு, நெஞ்சிறுக்கம், முகவீக்கம் ஆகியனவும் காணப்பட்டன. பெரும்பாலானோர்க்கு இரண்டு நாளில் இவை தணிந்தன. தனித்தனியே நோக்குமிடத்து ஒவ்வொன்றும் தடிமன் என்றோ கண்ணோய் என்றோ ஒதுக்கப்படக்கூடியதே; ஊசி ஏற்றும் பருவமும் தடிமன் பருவமும் ஏறத்தாழ ஒன்றல்லவா? பொதுச் சுகாதாரத் துறையினர் முறைப்பாடுகளை ஒருங்கே தொகுத்தபோதுதான் அவற்றின் பொதுத்தன்மை புலனாயிற்று. கண்-சுவாச நோய்க்குறித்தொகுதி எனப் பெயரும் இடப்பட்டது. முறைப்பாடுகளுள் மிகப் பெரும்பான்மையானவை அந்நாட்டிலே தயாரிக்கப்பட்ட ஒரு தடுப்பூசியையே சுட்டின.

இவ்வகைத் தடுப்பூசிக்கான வைரசு கோழிமுட்டையில் வளர்க்கப்பட்டு, செயலிழக்கச் செய்யப்பட்டு, இரசாயனத்தாற் சிதைக்கப்படுகின்றது. இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியபோது, அவ்வாண்டின் மருந்திற் சிதைவுறாத வைரசுகள் திரள்திரளாக ஒட்டிக்கிடந்தமை தெரியவந்தது. அத்திரள்களே காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. தயாரிப்புமுறை திருத்தப்பட்டபின், அடுத்த பருவத்தில் முறைப்பாடுகள் பெரிதும் குறைந்தன.

'பக்கவிளைவு' என்ற சொல் மொழித்துறையைச் சார்ந்த எனக்கு எப்போதும் ஐயந்தருவதொன்று. உற்பத்தியின் நடுவிற் பிறந்ததனை அது ஓரத்திற்குத் தள்ளிவிடுகின்றது.

மேற்கூறிய கண்சிவத்தலைக் கண்ணின் உட்படலங்களைப் பற்றும் அழற்சியுடன் மயக்குதல் கூடாது. பல்வேறு தடுப்பூசிகளின் பின்னரும் அவ்வழற்சி அரிதாகப் பதிவாகியுள்ளதெனினும், ஊசியின்றியும் அது தோன்றும் நோயாதலின் தனியொருவரிற் காரணத்தை நிறுவுதல் கடினம். கண்வலி, ஒளியைத் தாங்கமாட்டாமை, பார்வை மங்கல் என்பன தோன்றின் தாமதியாது கண் வைத்தியரை நாடல் வேண்டும்.

கனடாவிலே பாதிக்கப்பட்டோர் தடுப்பூசியின் பகைவராகிவிட்டனரா? அவர்களுட் சிலர் மறுபருவத்தில் ஆய்வொன்றிற்குத் தாமாகவே உடன்பட்டனர். எது மருந்து, எது வெறும் ஊசி என்பது ஏற்றியவருக்கும் ஏற்கப்பட்டவருக்கும் தெரியாதவாறு இரண்டும் கொடுக்கப்பட்டன. சிலருக்குக் குறிகள் மீண்டும் தோன்றின; ஆயின் அவை பெரும்பாலும் மென்மையாகவே இருந்தன.